ஜெபத்துக்கு நேரம் ஏது?

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, காலைல எந்திரிச்சா பிள்ளைக்குப் பால், அவங்களுக்குச் சாப்பாடு, மாமிக்கு மாத்திரை. இதுல ஜெபத்துக்கு நேரம் ஏது?" நியாயமான கேள்விதான். பிரசங்கங்களில் எல்லாம் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நிற்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு வேறு யாரோ காபி போட்டுக் கொடுக்கிறார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்!

இந்தக் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் ஒன்றும் இல்லை. எங்கள் ஆச்சியைப் பற்றித்தான் சொல்லுவேன்.

ஆச்சிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும். ஆனால் அவள் அடுக்களையில் அடுப்பை ஒட்டி ஒரு மண் கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தக் கலயத்தில் போடுவாள். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதல்ல. பிடி அரிசி என்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆச்சியிடம் ஒரு விசேஷம், ஒவ்வொரு பிடியையும் போடும்போது ஒரு பேர் சொல்லுவாள். "இன்னைக்கு உபதேசியார் மகளுக்கு. அவளுக்கு இது எட்டாம் மாசம்." மறுநாள் வேறு யாராவது. சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஒரு நாள் முறை வரும். அன்றைக்கு மட்டும் பிடி கொஞ்சம் சின்னதாக இருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"ஏட்டி, கலயத்துல போட்டியா?" என்றுதான் அம்மாவிடம் கேட்பாள். ஜெபம் பண்ணினாயா என்று கேட்டு நான் கேட்டதே இல்லை.

இந்த ஒரு பிடி அரிசியின் கதை பெரியது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஜனங்கள் கொடுப்பதைக் கொண்டே ஊழியம் நடக்க வேண்டும் என்பது அதன் தீர்மானம். வீடு வீடாகச் சேர்ந்த அரிசியையும் சில்லறையையும் நம்பித்தான் தெலுங்கு நாட்டில் டோர்னக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா ஐயர், 1912-ல் டோர்னக்கலுக்கு அத்தியட்சர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். நம் பக்கம் மட்டுமல்ல, அந்தக் கோடியில் மிசோரத்திலும் 1910 முதல் இதே பிடி அரிசி வழக்கம் இருக்கிறது. ஆச்சிக்கு டோர்னக்கலும் தெரியாது, மிசோரமும் தெரியாது. உலை கொதிக்கிற நேரம் தெரியும்.

ராத்திரி ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பிறகு ஆச்சியின் ஜெபம். அது ரயில் மாதிரி எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும். கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பாவில் ஆரம்பித்து, சினை மாடு வரைக்கும் வரும். சித்தப்பா வந்ததும் நாங்கள் தூங்கிவிடுவோம். மாடு வந்ததும் விழித்துக்கொள்வோம். மாட்டுக்கு அப்புறம் சாப்பாடு என்று தெரியும்.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நல்ல காலத்தில் விளையாட்டுப்போல் கைக்குப் பழகிப்போன காரியங்கள்தான், கெட்ட காலம் வந்தபோது எனக்கு உதவின. வாய் ஜெபம் பண்ண மறுத்த நாட்களிலும் கை தானாகக் கலயத்துக்குப் போயிற்று.

கெட்ட காலம் 2019-ல் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஊரில் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றினபோது, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவே இருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கின குழி மேலே எழும்பி வர நேரமாயிற்று. முகத்திலும் காலையில் ஓர் உப்பல். பரிசோதனை செய்து பார்த்தால் சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் பழுது.

இங்கே என் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியமான இரண்டு காரணங்கள் சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும்தான். ஆரம்பத்தில் வலியே இருக்காது. வீட்டில் யாருக்காவது இந்த இரண்டில் ஒன்று இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள். முட்டு வலி, இடுப்பு வலி என்று கடையில் வாங்கித் தின்கிற வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு எதிரிதான். எங்கள் கடையிலேயே முன்பு அதைக் கேட்டு வருவார்கள். இப்போது அவரே நிற்க வைத்துப் பாடம் நடத்தித் திருப்பி அனுப்புகிறார்.

2021-ல் டயாலிசிஸ் ஆரம்பமாயிற்று. வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருந்ததால் அந்தச் செலவில் பிழைத்தோம். ஆனால் போக்குவரத்து, ஊசி, கடை பூட்டிக் கிடக்கிற நஷ்டம் எல்லாம் நம் தலையில்தான். இடது கையில் ரத்தக் குழாய் இரண்டை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போட விடக் கூடாது. தொட்டுப் பார்த்தால் உள்ளே வண்டு பறக்கிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றுவிட்டால் ஆபத்து. தினமும் காலையில் எழுந்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். தொட்டவுடன் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய் சொல்லிவிடும். நாலு மணிக்கு முழங்காலில் நிற்காதவளின் அதிகாலை ஜெபம் அவ்வளவுதான்.

என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்று பரிசோதனைக்குப் போனேன். ரத்த வகை சேரவில்லை. அவர் அண்ணனுக்கும் சர்க்கரை. மூளைச் சாவு அடைந்தவர்களின் உறுப்பு கிடைக்கும் பட்டியலில் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

அடுக்களை தலைகீழாய் மாறிற்று. கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது. எங்கள் பக்கத்து ஆளுக்குக் கருவாடு இல்லாத சோறு என்றால் அதுவே பாதி உபவாசம். வாழைப்பழம், இளநீர், தக்காளி, கீரை எல்லாம் பொட்டாசியம் என்று தள்ளியாகிவிட்டது. காய்கறியைச் சின்னதாக அரிந்து, வெந்நீரில் ஊறப்போட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். சத்து போய்விடுமே என்று மாமிக்கு மனசு கேட்காது. "காய் வெந்த தண்ணியக் கீழ கொட்டுறவ வீடு வெளங்குமா?" என்பாள். மாமிக்கு விளக்கிச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. உப்புக்குப் பதில் உப்பு என்று கடைகளில் விற்கிறார்களே, அதில் பொட்டாசியந்தான் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் வீட்டில் அதைச் சேர்க்கவே கூடாது. முட்டை வெள்ளைக்கரு, அளவாய் மீன், இவை உண்டு. அவரவர் மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் செய்யவேண்டும்.

எல்லாவற்றிலும் கொடுமை தண்ணீர். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் கூட்டி, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்குக்குள். எங்கள் ஊர் வெயிலில்! காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். சின்ன டம்ளர். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு. அல்லது எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவது. திருவிருந்து வாங்கிவிட்டு வந்து, "இன்னைக்குக் கிண்ணத்துல வாங்குன சொட்டையும் கணக்குல சேத்துக்க" என்பார். சிரிக்கத்தான் சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வராது.

இந்த மாதிரிச் சமயத்தில் ஆறுதல் சொல்ல வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவர் வந்து, "வீட்டுல யாராவது அறிக்கையிடாத பாவம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். யோபுவின் சிநேகிதர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்பினேன். இன்னொருவர் வெளியூர்க்காரர், கைவைத்து ஜெபிக்கிறவர். "விசுவாசம் இருந்தா மெஷின் எதுக்கு? நிறுத்திப் பாருங்க, கர்த்தர் செயல்படுவார்" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சபலம் தெரிந்ததைப் பார்த்தேன். வாரம் இரண்டு நாள் பெரிய ஊசியில் குத்துப்படுகிறவருக்கு அப்படி ஓர் ஆசை வராதா? நான் நேராகவே கேட்டேன். "ஐயா, நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்களே, அதை நிறுத்திட்டீங்களா?" அவர் அப்புறம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

மருந்தை நம்புவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் வேலூருக்கு ஒரு தடவை போய் வரட்டும். ஐடா ஸ்கடர் என்ற பெண் திண்டிவனத்தில் பெற்றோரைப் பார்க்க வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். இவர் அப்போது மருத்துவம் படித்தவர் இல்லை. ஆண் மருத்துவர் பார்க்க அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் ஜெபம் பண்ணினார். பண்ணிவிட்டு அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய வேலூர் ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் வைத்தார். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தானே!

ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் எனக்குத் துதிப் பாட்டு எதுவும் பாட வரவில்லை. கோவிலில் எல்லோரும் பாடும்போது வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்து, சங்கீதங்களை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். 150 சங்கீதங்களில் அழுகையாகத் தொடங்குபவை ஏராளம். அநேகமாக எல்லாம் முடிகிற இடத்தில் ஏதோ ஒரு வெளிச்சத்துக்கு வந்துவிடும். 88-ம் சங்கீதம் மட்டும் வரவே இல்லை. இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் சேர்த்து வைத்திருக்கிறார்களே! அப்படியானால் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அதற்குள் இடம் உண்டு என்று தோன்றிற்று. அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக அழ முடிந்தது.

இன்னொரு துணை டோனாவூர் அம்மா. பெண்கள் சங்கத்தோடு ஒரு முறை அங்கே போயிருக்கிறேன். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். கோவில்களுக்கு விடப்பட இருந்த பெண் பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் டோனாவூரில் சேர்த்து வளர்த்தார். ஓடியாடி வேலை செய்த அந்த அம்மாள் 1931-ல் ஒரு குழிக்குள் தவறி விழுந்து அடிபட்டார். அதற்கப்புறம் 1951-ல் சாகிறவரைக்கும், ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுக்கைதான். எத்தனை பேர் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. படுத்துக்கொண்டே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளை ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுப் பேசினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டிதான் இருக்கிறது. அதில் 'அம்மாய்' என்று ஒரே ஒரு வார்த்தை. நான் போனபோது ஒரு தவிட்டுக்குருவி அதில் குளித்துக்கொண்டிருந்தது. விசுவாசம் குறைவாக இருந்ததால்தான் அவருக்குச் சுகம் கிடைக்கவில்லை என்று, அந்தக் கைவைத்து ஜெபிக்கிறவர் அங்கே வந்து சொல்லட்டும் பார்க்கலாம்!

இப்படிப் பழகிக்கொண்டு வந்தபோதுதான் 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது.

17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே நனைந்துகொண்டுதான் போனோம். கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள். வீட்டில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரித்து வைத்திருந்தேன். அன்று ராத்திரி கீதபவனி எங்கள் தெருவுக்கு வரவேண்டும். வரவில்லை. வானம் கிழிந்த மாதிரி மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததாகப் பிறகு சொன்னார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். ராத்திரி பதினொரு மணிக்குக் கோவில் மணி அடித்தது. எங்கள் கோவில்பிள்ளை அப்படி விடாமல் அடித்து நான் கேட்டதில்லை. "குளம் உடைஞ்சிட்டு! மேட்டுக்கு வாங்க!" என்று தெருவில் சத்தம்.

கோவில் மேட்டில் இருக்கிறது. மாத்திரைப் பை, வேதப் புத்தகம், தண்ணீர் அளக்கிற பாட்டில், சின்ன டம்ளர், இவற்றை நான் எடுத்துக்கொண்டேன். மாமியை மகன் தூக்கிக்கொண்டான். இடுப்பளவு தண்ணீரில் போய்ச் சேர்ந்தோம். எங்கள் சபையார் மட்டுமல்ல, அம்மன் கோவில் தெருக்காரர்களும் அங்கேதான் வந்தார்கள். விடிந்து பார்த்தால் எங்கள் தெரு இல்லை, ஆறுதான் இருந்தது. திங்கட்கிழமை. டயாலிசிஸ் நாள்.

கரண்ட் இல்லை. போன் இல்லை. சாலை இல்லை. கடைசியாக வியாழக்கிழமை சுத்தம் பண்ணின ரத்தம். மூன்று நாளைக்கு ஒரு தடவை என்கிற கணக்கு ஆறு நாளாக நீண்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் நின்றுவிடும். நான் அழவில்லை. அழுகிறதற்கு நேரமில்லை. கோவிலில் அறுப்புப் பண்டிகை அரிசியும் பிடி அரிசியும் இருந்தது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து கஞ்சி காய்ச்சினோம். அவருக்கு உப்பில்லாமல், கஞ்சித் தண்ணீரை வடித்துவிட்டு, வெறும் சோறு நாலு கவளம். தண்ணீர் நாள் முழுவதும் நானூறு மில்லிதான் என்று தீர்மானம் பண்ணினேன். கோவில் படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே, "சுத்தி இவ்வளவு தண்ணி கெடக்கு, எனக்கு இந்த மூடி அளவுதானா பிள்ள?" என்றார். மூடி அளவுதான் கொடுத்தேன்.

அந்த நாட்களில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்ணீருக்கு நடுவில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்ததையும், பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டதையும் பத்திரிகையில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். தாங்களே வெள்ளத்தில் இருந்தவர்கள்! அங்கேயும் எத்தனை கலயங்கள் காலியாகியிருக்குமோ.

செவ்வாய்க்கிழமை ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டிற்று. பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, முதுகைத் தாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணினேனா என்று கேட்டால், அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். நடுச்சாமத்துக்கு மேல் மாமி, ஞாபகமெல்லாம் தப்பிப்போய்க்கொண்டிருக்கிற எண்பது வயது மாமி, இருட்டில் ஒரு பழைய கீர்த்தனையை மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தாள். ஒரு வரி பாடுவாள், மறந்துவிடுவாள், திரும்ப அதே வரிக்கு வருவாள். யாரோ ஒரு பெண் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். அப்படியே விடிந்தது.

புதன்கிழமை காலை தண்ணீர் கொஞ்சம் இறங்கினது. அம்மன் கோவில் தெரு அண்ணன் ஒருவர் டிராக்டர் வைத்திருக்கிறார். நெற்றியில் திருநீற்றோடு வந்து, "தங்கச்சி, மச்சானை ஏத்து. போற வரைக்கும் போவோம்" என்றார். மூன்று மைல் போனதும் பாலம் அரித்துக் கிடந்தது. அங்கிருந்து வாலிபர்கள் நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்த்தார்கள். அப்புறம் ஒரு மீன் வண்டி. சாத்தான்குளம் வழியாகச் சுற்றித் திருநெல்வேலி. எட்டு மணி நேரம் ஆயிற்று. ஐம்பத்தெட்டுக் கிலோ இருக்க வேண்டியவர் அறுபத்து மூன்றரை இருந்தார். உடனே மெஷினில் போட்டார்கள், மறுநாளும் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

இதுவரைக்கும் சொன்னதை நான் கோவிலில் சொல்லியிருந்தால் நல்ல சாட்சி என்று எல்லோரும் அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு முன்னால் எங்கள் ஐயர் வந்து, "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லணும்" என்று கேட்கவும் செய்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால், அதே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மண் சுவர் இடிந்து விழுந்து ஓர் அம்மாள் செத்துப்போனாள். பீடி சுற்றிப் பிழைக்கிற மகள், வேறு யாரும் இல்லை. அவர்களும் எங்கள் சபைதான். அந்த அம்மாள் ஒரு ஞாயிறு தவறாமல் முன் பாயில் உட்காருகிறவள். அவளை அடக்கம் பண்ணின புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்று நான் எழுந்து நின்று சொன்னால், மூன்றாவது வரிசையில் இருக்கிற அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அவள் அம்மாவை அவர் ஏன் காப்பாற்றவில்லை? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு.

நேரே அவள் வீட்டுக்கே போனேன். வீடு என்ன, தார்ப்பாய் போட்ட ஒரு மூலை. முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "நீங்க சொல்லாம இருந்தா எங்கம்மா திரும்பியாக்கா வரப்போறா? சொல்லுங்க. அத்தான் பிழைச்சது எனக்கும் சந்தோசந்தான். ஆனா கர்த்தர் உங்களைத் தெரிஞ்செடுத்துக் காப்பாத்துனார்னு மட்டும் சொல்லிராதீங்க."

அன்று ராத்திரி நான் எழுந்து நின்றேன். கோவில்பிள்ளை அடித்த மணியையும், டிராக்டர் அண்ணனையும், நாற்காலி தூக்கின பையன்களையும், பாட்டில் வரி எடுத்துக் கொடுத்த பெண்ணையும் ஒவ்வொருவராய்ச் சொல்லி, இவர்களுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன். பிறகு அந்த அம்மாளின் பேரைச் சொல்லி, அவள் மகளுக்காக எல்லோரும் ஜெபம் பண்ண வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சாட்சி சப்பென்று இருந்தது என்று பின்னால் ஒருவர் சொன்னாராம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளும் ஒரு பையோடு வந்து நின்றாள். "எங்கம்மா இல்லாத வீட்டுல சும்மா இருக்க முடியலக்கா. நானும் வாரேன்" என்றாள். அவர் உள்ளே மெஷினில் இருந்த நாலு மணி நேரமும் நாங்கள் இருவரும் அந்தப் பெஞ்சில் இருந்தோம். ஜெபம் பண்ணவில்லை, பெரிதாக ஒன்றும் பேசவுமில்லை. மறுநாள் சமையலுக்கு வாங்கியிருந்த ஒரு கிலோ அவரைக்காயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு நார் உரித்தோம்.